சிந்தாத வெளிச்சம்

இருட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் உடம்பிலிருந்து வெயில் வடியக் காத்திருந்தார்கள்.

காயல்முனைத் துறைமுகத்துக்குள் வேலைக்கு நுழையும் எவருக்கும் இதுதான் முதல் வேலை. காலை வெயிலில் நடந்து வந்த தோல் அந்த வெயிலை உடனே விட்டுவிடாது. உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சம் தீர்ந்தால்தான் தோலின் சொந்த வெளிச்சத்தை எண்ண முடியும். அதனால் கதவிடுக்கில்கூட ரப்பர் வைத்து அடைத்த ஒரு கூடத்தில் அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பாதிப்பேர் தூங்குவார்கள். மீதிப்பேர், முகம் தெரியாத தைரியத்தில், மேஸ்திரியில் தொடங்கி மந்திரி வரைக்கும் திட்டித் தீர்ப்பார்கள்.

அடுத்த அறையில் சுவரிலிருந்து கறுப்புத் துணிக் குழாய்கள் நீண்டிருக்கும். ஒன்றுக்குள் வலது கையை நுழைத்துப் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அதுதான் களைப்புமானி.

உயிருள்ள உடம்பு மிக மிக மங்கலாக ஒளிர்கிறது. உயிரணுக்கள் மூச்சை எரிக்கும்போது தெறிக்கும் பொறி அது. களைத்த உடம்பில் பொறி அதிகம். ஒரு கிரேன் ஓட்டுநர் இருக்கையிலேயே கண்ணயர்ந்து, கன்டெய்னர் ஒன்று வேலையாட்கள் வந்த பேருந்தின்மேல் விழுந்த பிறகு, பணித்தகுதிச் சட்டம் வந்தது. தோலொளி எவ்வளவு இருந்தால் ஒருவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று ஓர் அளவு குறித்தார்கள். ஜனங்கள் அதைக் கோடு என்று சொன்னார்கள். கோட்டைத் தாண்டியவன் இயந்திரத்தைத் தொடக்கூடாது. தாண்டினானா இல்லையா என்று கருவிக்குச் சந்தேகம் வந்தாலும் தொடக்கூடாது.

ஞானதுரைக்கு அன்றும் சந்தேகம்தான் வந்தது. குழாய்க்கு மேலிருந்த விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கையை உருவிக்கொண்டு நின்றான். கிரேன் ஓட்டுவதில் அந்தத் துறைமுகத்தில் அவனுக்கு இணை இல்லை. ஆனால் அவன் தோல் மற்றவர்கள் தோலைவிட வெயிலை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும் ரகம். அரைமணி இருட்டு அவனுக்குப் போதாது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தாலும் கருவி குழம்பிவிடும்.

அவனுக்குப் பின்னால் நின்ற சந்தியாகு, அவனைவிட மூத்தவர், பக்கத்துக் கிரேன்காரர், சிரித்தார். "என்ன மாப்ள, இன்னைக்கும் லீவா? கையில டியூப் லைட்ட வச்சுக்கிட்டு வாற. அத வீட்ல மாட்டிட்டு வரக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி நிறுத்தப்பட்டால் அவனைக் கிரேனிலிருந்து எடுத்துவிட்டு, கீழே கயிறு கட்டும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். உயரத்தில் உட்கார்ந்து கப்பலைக் குனிந்து பார்த்துப் பழகியவன் அவன்.

வீட்டுக்குப் போனதும் சண்டை. அவன் மனைவி சுகிர்தா வேலை பார்ப்பது களைப்புமானி செய்யும் நிறுவனத்திலேயே என்பதால் சண்டைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஒங்க மிஷின் என்னயப் பாத்து மட்டும் பல்ல இளிக்கி என்றான். அவள் பொறுமையாக விளக்கினாள். மிஷின் உங்களைக் களைத்தவர் என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொல்கிறது, தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

"தெரியலன்னு சொல்லதுக்கு எதுக்குட்டி மிஷினு? அத எங்க மேஸ்திரியே சொல்லுவானே."

அவன் சொன்னது சரி. அவளுடைய தொழிலின் அவமானமே அதுதான்.

களைப்புமானியின் உயிர் ஒரு கம்பி. முடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் வரும் அகலம். அதை மடித்து மடித்து ஒரு தூசியளவு சதுரத்துக்குள் படுக்க வைத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெறுமையைவிடக் குளிரான பெட்டியில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் கம்பி மீக்கடத்தியாகிவிடும். மின்சாரம் எந்தத் தடையுமில்லாமல் ஓடும். ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தாலும் அந்த இடத்தில் குளிர் கலைந்து மின்சாரம் ஒரு கணம் தடுமாறும். தடுமாற்றங்களை எண்ணினால் துகள்களை எண்ணியதாகும்.

கம்பியில் குறையில்லை. கம்பிக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் குறை. உள்ளங்கை அகலத்திலிருந்து புறப்படுகிற வெளிச்சம் கண்ணாடி இழைகள் வழியாக வந்து ஒரு தூசியின்மேல் இறங்க வேண்டும். இழையின் நுனியையும் கம்பியையும் நுண்ணோக்கியில் பார்த்து நேராகப் பொருத்துவார்கள். பெட்டியைக் குளிர்விக்கும்போது கண்ணாடி ஒரு விதமாகச் சுருங்கும், உலோகம் ஒரு விதமாகச் சுருங்கும். நுனி நகர்ந்துவிடும். வெளிச்சம் பக்கத்தில் சிந்தும். சரியாக விழுந்ததிலும் ஒரு பகுதி கம்பி மடிப்புகளின் சந்து வழியே நழுவிப் போய்விடும். கடைசியில் நூற்றில் நான்குதான் எண்ணிக்கைக்கு வரும். அந்த நான்கை வைத்து நூறு என்னவாக இருக்கும் என்று ஊகிப்பதற்குத்தான் பத்து நிமிடம். அப்படியும் பல சமயம் ஊகம் தவறும்.

நிறுவனத்தின் தலைவர் கோமதிநாயகத்துக்கு இதில் பெரிய வருத்தம் கிடையாது. நல்ல மனிதர். கூட்டங்களில் அந்த இழப்பைப் பழைய ஊழியர் ஒருவரைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசுவார். அது அப்படித்தான் இருக்கும், நாம் அனுசரித்துப் போக வேண்டும் என்பார்.

சுகிர்தா அனுசரிக்கவில்லை. ஞானதுரையின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவள் அவள். ஓராண்டுக்கு மேல் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இழையைக் கொண்டுபோய்க் கம்பியிடம் நிறுத்துவதால்தானே விலகுகிறது? இழையின் நுனியிலேயே கம்பியை வளர்த்துவிட்டால்? இரண்டும் ஒரே உடம்பு. சுருங்கினாலும் சேர்ந்தே சுருங்கும். முதலில் வளர்த்த கம்பிகள் எல்லாம் குளிரில் வெடித்தன. நுனியின் விளிம்பு கூராக இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதை மழுக்கினாள். பிறகு கம்பிக்குப் பின்னால் ஒளி அலையின் நீளத்தில் கால்பங்கு தள்ளி ஒரு கண்ணாடி வைத்தாள். சந்து வழியே நழுவிப் போன துகள் அதில் மோதித் திரும்பிக் கம்பியிடமே வந்தது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

நூற்றில் நான்கு என்பது நூற்றில் தொண்ணூற்றொன்பது ஆயிற்று.

பத்து நிமிடம் மூன்று நொடியாயிற்று. அதோடு, மிச்ச வெயிலும் உடம்பின் வெளிச்சமும் வரும் தாளம் வேறு வேறு என்பதும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. வெயிலைக் கணக்கில் கழித்துவிடலாம். இருட்டில் உட்கார வேண்டியதில்லை. இப்படி ஒரு ஒளியிணைப்பை உலகில் யாரும் செய்ததில்லை என்று கோமதிநாயகம் மாலை போட்டார். அளவுகோல் இனிமேல் பொய் சொல்லாது என்று சுகிர்தா பேசினாள். நம்பித்தான் பேசினாள்.

புதிய கருவி வந்த முதல் நாள் ஞானதுரைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நாளும் எரிந்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு முழு ஊளி மீனோடு வந்து, அடுப்படியிலிருந்து அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே குழம்பு வைத்தான். புளி கூடிவிட்டது என்றாள். நீ கரைத்த புளி என்றான். அந்தச் சண்டை சாப்பிட்டு முடித்த பிறகும் நடந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இருட்டுக்கூடத்தை முதலில் மூடினார்கள். தேவையில்லையே. சந்தியாகு வாசலில் சுகிர்தாவைப் பார்த்தபோது கேலியாகத்தான் கேட்டார். "ஏம்மா, ஒம் புருசனுக்கு வழி பண்ணுனது சரி. எங்க தூக்கத்த எதுக்குத் தூக்குன?" அவள் சிரித்தாள். அரைமணி நேரம் மிச்சம்தானே அண்ணே என்றாள். அந்த இருட்டில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அடுத்து, கருவி வாசலிலிருந்து கிரேனுக்கு ஏறியது. மூன்று நொடியில் எண்ண முடியும் என்றால் எதற்கு ஒரு நாளுக்கு ஒரு முறை மட்டும் எண்ண வேண்டும்? ஓட்டுநர் பிடிக்கும் கைப்பிடிக்குள்ளேயே இழைகளைப் பதித்தார்கள். வேலை நடக்கும் நேரம் முழுக்க எண்ணிக்கை நடந்தது. ஒருவன் கோட்டைத் தொட்டதும் கைப்பிடி தானாகப் பூட்டிக்கொள்ளும். அடுத்தவன் ஏறுவான். ஷிப்ட் என்ற சொல்லே போய்விட்டது. மணி கணக்குப் பார்த்து ஒருவனை இறக்குவது பழைய மூடத்தனம் என்று துறைமுகம் சொன்னது. வலுவிருக்கும்போது இறக்குவது நட்டம், வலு போன பிறகு இறக்குவது ஆபத்து. இரண்டுமில்லாத அந்தப் புள்ளி இப்போது தெரிகிறது அல்லவா?

முன்பு அந்தப் புள்ளி யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரையும் அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்தினார்கள். வேலை நிற்கும் இடத்துக்கும் உண்மையான கோட்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. அது முதலாளிக்கும் சொந்தமில்லை, சட்டத்துக்கும் சொந்தமில்லை. ஜனங்கள் அந்த வெற்றிடத்தில்தான் வீட்டுக்குப் போனார்கள், குழம்பு வைத்தார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். சுகிர்தா அதை அளவுப்பிழை என்று நினைத்திருந்தாள்.

துறைமுகத்தில் விபத்து நின்றுபோனது. ஒரு கீறல்கூட இல்லை. வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞானதுரை வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், படுத்தான். முதலில் அவள் அதைப் பழகாத வேலைமுறையின் அசதி என்று நினைத்தாள். பிறகு வேறொன்றைக் கவனித்தாள். அவன் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போகலாமா என்றால் சரி. போக வேண்டாம் என்றால் சரி. அவனுக்குப் பிடிக்காத அவளுடைய அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தாள். அதற்கும் சரி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சட்டை நிறத்தைக்கூடச் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளாதவன்.

ஒரு மத்தியானம் வேண்டுமென்றே உப்பில்லாமல் மீன் குழம்பு வைத்தாள். அவன் பிசைந்து சாப்பிட்டான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"உப்பு?"

"சரியாத்தான் இருக்கு."

"நான் உப்பே போடல."

அவன் தட்டைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தான்.

சந்தியாகு இறந்தது அதற்குப் பிறகு. கைப்பிடி பூட்டிக்கொண்டதும் இறங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் வந்திருக்கிறார். சாலை திரும்புகிறது, அவர் திரும்பவில்லை. உப்புத்தண்ணீர்க் கால்வாய்க்குள் நேராகப் போயிருக்கிறார். பிரேக் பிடித்த தடம் இல்லை. சற்று முன்புவரை அவர் ஓட்டிய கிரேனில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது அவர் தோலொளி சரியாகக் கோட்டின்மேல் இருந்தது. சாவு வீட்டில் கோமதிநாயகம் சுகிர்தாவை ஓரமாகக் கூப்பிட்டு, அவள் மனம் நொந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொன்னார். "நம்ம அளவு ஒரு இம்மிகூடத் தப்பல பாத்துக்கோ."

அந்தச் சாலையில் அவர் முதல் ஆள். கடைசி ஆள் இல்லை. அது வாசலுக்கு வெளியே என்பதால் துறைமுகத்தின் கணக்கில் வரவில்லை. ஆனாலும் பேச்சு எழுந்தது. பணித்தகுதிச் சட்டத்தை நடத்தும் ஆணையம் கூடி ஒரு தீர்வு சொன்னது. கோட்டைத் தொட்டவன் வண்டி ஓட்டக் கூடாது, உள்ளேயே தூங்க வேண்டும். மூடிக் கிடந்த இருட்டுக்கூடத்தில் அடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். குளிர்சாதனம் வைத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. தூங்கி எழுந்து கோட்டுக்குக் கீழே இறங்கியதும், வீட்டுக்குப் போகும் வழியைவிடக் கிரேன் பக்கத்தில் இருந்தது. ஞானதுரை வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். அந்த நாளையும் தூங்கிக் கழித்தான்.

புகார் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். எதுவும் செல்லவில்லை. சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கோட்டைத் தாண்டியவர் சொல்லும் எதுவும் செல்லாது, போடும் கையெழுத்தும் செல்லாது. இதைச் சேர்க்கச் சொன்னது தொழிற்சங்கம்தான். அசந்து நிற்கிறவனிடம் நீட்டி, கூடுதல் வேலைக்குச் சம்மதம் என்று மேஸ்திரிகள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஊர்வலம் போய்ப் போராடி வாங்கிய பிரிவு. அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள். இப்போது ஆணையத்தின் வாசலிலும் ஒரு களைப்புமானி இருந்தது. வேலை முடித்து வந்தவன் கையை வைத்தால் கோட்டுக்கு மேலே. விடுமுறை நாளில் வந்தாலும் ஆறு நாள் அசதி சாயங்காலம் வரை இறங்குவதில்லை. அதற்குள் அலுவலகம் பூட்டிவிடும். களைத்தவன் பேசுவது களைப்பின் பேச்சு, அவனுடைய பேச்சு அல்ல என்று ஆணையம் மரியாதையாக எழுதி அனுப்பியது.

பிறகு அறிவிப்பு வந்தது. மூன்று நொடிக் கருவியை மாநிலம் முழுக்க, பேருந்துகளிலிருந்து ஆஸ்பத்திரிகள் வரை, மில்களிலிருந்து மீன்பிடிப் படகுகள் வரை வைக்கப் போகிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் மதுரையில் ஆணையத்தின் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். அன்றோடு ஆட்சேபத்துக்கான காலம் முடியும்.

சுகிர்தா என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். கருவியைக் கெடுக்க முடியாது. ஆனால் கருவி கெட்டது என்று சொல்ல முடியும். அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவள்தான். தன் ஒளியிணைப்பு தான் சொன்ன அளவுக்கு இல்லை, நூற்றில் இருபது துகளாவது இன்னும் சிந்துகிறது, அவசரத்தில் தவறாக அளந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாள். கண்ணாடி கொஞ்சம் சாய்ந்த சில இழைகளைத் தயார் செய்து அதற்குச் சான்றும் உண்டாக்கிக்கொண்டாள். அளவில் சந்தேகம் வந்துவிட்டால் சட்டப்படி எல்லோரையும் முன்னதாகவே நிறுத்த வேண்டும். வெற்றிடம் திரும்பி வரும். அவள் பெயர் போகும். அது போனால் போகட்டும்.

ஆனால் சந்தேகம் திரும்பினால் முதலில் நிறுத்தப்படும் கை யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். வாராந்திர விடுமுறையில் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒங்க கிரேன் போயிரும்."

"சரி."

"கயிறு கட்டத்தான் விடுவாவ."

"சரி."

"ஏங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "யோசிக்கத்தான் பாக்கேன். நீ சொல்லுதது உள்ள வருது. அதுக்குப் பெறவு ஒண்ணும் வர மாட்டேங்கு."

சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். அந்தச் சரி அவனுடைய சரியா, களைப்பினுடைய சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையும் மூன்று நொடியில் அளந்து சொல்லும் கருவியைச் செய்தவள் அவள். அதை அளக்க ஒன்றும் இல்லை.

மதுரையில் கூட்டம் மத்தியானம் நடந்தது. பெரிய அறை, தேக்கு மேசை, அந்தப் பக்கம் ஆணைய உறுப்பினர்கள். தலைவர் அகிலாண்டம், ஓய்வுபெற்ற நீதிபதி, எதிராளியையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். ஒரு பக்கம் துறைமுகத்தின் ஆட்கள். நிறுவனத்தின் சார்பில் கோமதிநாயகம். சுகிர்தாவைப் பார்த்ததும் தலையசைத்தார். அவள் என்ன சொல்ல வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

பேச எழுந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் மேசையிலிருந்த கைப்பிடியைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் பச்சை. கோமதிநாயகத்தின் எண் கோட்டுக்கு எங்கோ கீழே கிடந்தது. ஒரு குழந்தையின் கை மாதிரி.

சுகிர்தா பிடித்தாள். மூன்று நொடி. திரையில் அவள் எண் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. பல வாரங்களாக நிறுவன வேலைக்குப் பிறகு அந்தச் சாய்ந்த கண்ணாடிகளைச் செய்துகொண்டிருந்தவள். காலையில் நின்றுகொண்டே பேருந்தில் வந்தவள். கருவி சரியாகத்தான் சொன்னது. அது சரியாகச் சொல்கிறது என்பது அந்த அறையில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அகிலாண்டத்துக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "ரொம்ப அசந்திருக்கீங்க அம்மா. இப்ப நீங்க எது சொன்னாலும் எழுதிக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

"மேடம், இந்தக் கருவியே சரியில்லன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். நான்தான் இதைச் செஞ்சேன். இது நூத்துக்கு இருபது துகளைச் சிந்துது. அதனால இது காட்டுற எண்ணை வச்சு என் பேச்சைத் தள்ள முடியாது."

கோமதிநாயகம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அகிலாண்டம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவசரப்படுகிறவர் அல்ல.

"சிந்தினா எண்ணிக்கை குறையுமா, கூடுமா?"

சுகிர்தா வாயைத் திறந்தாள்.

"எனக்கு விஞ்ஞானம் தெரியாது, அதான் கேக்குறேன். வெளிச்சம் வழியில சிந்திப் போச்சுன்னா, உள்ள போய்ச் சேர்றது உண்மையைவிடக் குறைச்சலாத்தானே இருக்கும்?"

"ஆமா."

"அப்ப சிந்தினது போக மிச்சத்துலயே நீங்க கோட்டைத் தாண்டியிருக்கீங்க. நீங்க சொல்றது நிஜம்னா, நீங்க திரையில தெரியறதைவிட இன்னும் களைச்சிருக்கீங்க. அப்படி இருக்கும்போது நீங்க சொல்றதை நான் எப்படி எடுத்துக்கறது? நீங்க சொல்றது நிஜம் இல்லன்னா, எடுத்துக்க வேண்டியதே இல்ல."

அவர் கிண்டல் செய்யவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

சுகிர்தா பதில் தேடினாள். இழப்பு வெளிச்சத்தைக் குறைக்கும், ஒருபோதும் கூட்டாது. பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வேறு வழி இருக்கும். வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கும். நன்றாகத் தூங்கியிருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றியது. கேள்வி உள்ளே வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"அப்ப இதை யாருதான் வந்து சொல்றது?" என்று கேட்டாள். தன் குரல் குழறுவது அவளுக்கே கேட்டது.

"யார் வேணாலும் சொல்லலாம். கோட்டுக்குக் கீழ இருக்கணும், அவ்வளவுதான். நீங்க வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க." அவர் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு ஏன் இவ்வளவு வேலை கொடுக்கறீங்க?"

கோமதிநாயகம் வருத்தத்தோடு எழுந்து நின்றார். இந்தப் பெண்ணைப்போல ஒரு பொறியாளரை நான் பார்த்ததில்லை, இவள் செய்த ஒளியிணைப்பில் ஒரு துகள்கூட வீணாவதில்லை என்று நான் உறுதி சொல்கிறேன், இன்றைக்கு இவள் பேசியதை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவே மாட்டோம், இரண்டு வாரம் விடுப்புக் கொடுக்கிறேன் என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார்கள்.

வேறு ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். பின்வரிசைகளில் ஆட்கள் இருந்தார்கள். துறைமுகத்திலிருந்து இரண்டு பேர், ஒரு மில்லிலிருந்து நாலைந்து பெண்கள், பேருந்து ஓட்டுநர் ஒருவர். நிறுவனத்தின் பொறியாளர் என்று சுகிர்தாவை வாசலில் சோதிக்காமல் விட்டவர்கள், அவர்களுக்கெல்லாம் வாசல் கருவியில் பார்த்துச் சிவப்பு அட்டை கொடுத்திருந்தார்கள். உட்காரலாம், கேட்கலாம், பேசக்கூடாது. அந்தப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுகிர்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது பேசுவார்கள் என்று வந்தவர்கள்.

முன்வரிசையில் யாரும் கை தூக்கவில்லை. அவர்களுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.

ஆணை அன்றே நிறைவேறியது. கூட்டக் குறிப்பின் முடிவில் சட்டம் எழுதச் சொல்லும் வரியை எழுதினார்கள்: விவாதத்தில் கலந்துகொண்ட அனைவரும் போதிய ஓய்வில் இருந்தனர்.

அதில் பிழை ஏதும் இல்லை.